ரிக்பி துப்பாக்கியின் நிறையும் குறையும்



தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் புலிக்கதை சொல்லத் தொடங்கினால், கதை பாதி முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்: "சார், அவர் கையில் இருந்தது என்ன துப்பாக்கி?" புலி எத்தனை முழம் என்று கேட்பதற்கு முன்பே துப்பாக்கியின் பெயரைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முழுமையாக விடை சொல்வதே இன்றைய உரையின் நோக்கம். கேள்வி விளையாட்டுப் பிள்ளைகளுடையதுதான். ஆனால் நியாலாஸ், ஆசகான், ஜாசின் வட்டாரங்களில் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் பிழைப்பு நடத்துகின்ற நமக்கு, அதன் விடை விளையாட்டல்ல. காரணத்தைப் போகப் போகக் காண்போம்.

புலி வேட்டை என்றதும் உலகமே சொல்லும் பெயர் ஜிம் கார்பெட். 1875இல் இமயமலை அடிவாரத்து நைனிதாலில் பிறந்தவர். வாழ்நாளில் பல ஆண்டுகள் மொக்காமா காட் என்னும் கங்கைக்கரைத் துறையில், ரயில் சரக்குகளை மாற்றி ஏற்றும் வேலையைக் குத்தகைக்கு எடுத்து, கூலியாட்களோடு கூலியாட்களாக உழைத்தவர். துரைமார்களில் இப்படியும் சிலர் இருந்தார்கள்.

1907ஆம் ஆண்டில் குமாவுன் மலைப்பகுதியில் சம்பாவத் என்ற ஊரைச் சுற்றி ஒரு பெண்புலி ஆட்களைக் கொன்று தின்றுகொண்டிருந்தது. நேப்பாளத்தில் 200 பேர், பிறகு குமாவுனில் 234 பேர் என்பது கார்பெட் எழுதி வைத்த கணக்கு. அந்தப் புலியை அவர் சுட்டு வீழ்த்தினார். அதைப் பாராட்டி, அந்த மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹ்யூவெட், இலண்டன் ரிக்பி கம்பெனியின் ரைபிள் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். அதன் அடிக்கட்டையில் முட்டை வடிவில் ஒரு வெள்ளித் தகடு பதித்து, கொடுத்தவர் பெயரும் கொடுத்த காரணமும் பொறித்திருந்தார்கள். துப்பாக்கி உலகில் இவ்வளவு புகழ்பெற்ற தகடு வேறு இல்லை எனலாம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சம்பாவத் புலியைக் கொன்றது அந்த ரிக்பி அல்ல. அது பிறகு வந்த பரிசு. அன்றைக்குக் கார்பெட் கையில் இருந்தது வேறொரு கனத்த ரைபிள். அவர் எடுத்துப்போனவை மூன்றே மூன்று தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்த பின்னும் புலி சாகவில்லை. ஓடிப்போய், வேட்டைக்கு உடன் வந்திருந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்து சுட்டார். அதுவோ குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்துபோன துப்பாக்கி. வாயைக் குறிவைத்துச் சுட்ட குண்டு முன்னங்காலில் போய்ப் பட்டது. முன்பே பட்டிருந்த காயங்களால்தான் புலி சரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புலியைப் புதரிலிருந்து கிளப்பியவர்கள் ஏறத்தாழ 300 கிராமவாசிகள். மலைமுகட்டில் வரிசையாக நின்று, கூச்சலிட்டு, பாறைகளை உருட்டி, கையில் கிடைத்ததை அடித்து ஒலியெழுப்பி அவர்கள் விரட்டியதால்தான் புலி துப்பாக்கிக்கு எதிரே வந்தது. உற்றார் உறவினரை அதன் வாய்க்குக் கொடுத்தவர்கள் அவர்கள். நைனிதால் தர்பாரில் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கி கிடைத்தது. வழிகாட்டிய பெரியவர் ஒருவருக்கு நல்ல வேட்டைக் கத்தி கிடைத்தது. மற்ற முந்நூறு பேருக்குத் தகடு எதுவும் அடிக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியாக இராது.

சரி, ரிக்பி என்றால் என்ன? அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில், 18ஆம் நூற்றாண்டில் ஜான் ரிக்பி என்பவர் தொடங்கிய துப்பாக்கிப் பட்டறை அது. 19ஆம் நூற்றாண்டில் இலண்டனுக்கும் வந்தது. அந்தக் குடும்பத்தில் பின்வந்த மற்றொரு ஜான் ரிக்பி, 1887 முதல் சில ஆண்டுகள் என்பீல்டு நகரத்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கே தலைமை அதிகாரியாக இருந்தார். அவருடைய கூர்மையான புத்தி என்னவென்றால், எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. ஜெர்மனியில் மௌசர் என்பவர் செய்த தாழ்ப்பாள் ரைபிள்தான் உறுதியானது என்று கண்டு, அதன் இயக்கப் பகுதியை அங்கிருந்து வரவழைத்தார். குழலையும், குறி பார்க்கும் கருவியையும், கட்டையையும் இலண்டனில் தம் ஆட்களைக் கொண்டு செய்து பொருத்தி விற்றார். கார்பெட்டுக்குக் கிடைத்தது அவ்வகையில் .275 என்னும் அளவு. அதாவது, குழலின் உள்விட்டம் அங்குலத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். நம் சுண்டுவிரல் நுனி நுழைவதே கடினம்.

ரைபிள் என்ற சொல்லையும் இங்கே விளக்கிவிடுவோம். தோட்டங்களில் பன்றி சுட வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ரவைத் துப்பாக்கி. அதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். ஒரு தோட்டாவுக்குள் பல ரவைகள் இருந்து, வெளியே வந்ததும் விரிந்து பரவும். ரைபிளின் குழலுக்குள்ளோ திருகாணியின் மரை போலச் சுற்றிச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். ஒற்றைக் குண்டு அந்த மரையைப் பற்றிக்கொண்டு சுழன்றவாறே வெளிவரும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கிறதல்லவா? அதே காரணத்தால் சுழலும் குண்டும் தலைகுப்புற உருளாமல் நேராக நெடுந்தூரம் போகும்.

இனி ரிக்பியின் நிறைகளைக் காண்போம்.

பால்வெட்டுத் தொழில் தெரிந்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். நல்ல வெட்டாளர் தம் கத்தியை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். பிடியின் பருமன், வாயின் வளைவு, தீட்டிய கூர்மை எல்லாம் அவர் கைக்கென்றே அமைந்துவிட்டவை. இருட்டில் எடுத்தாலும் கை அதன் இடத்தில் போய் நிற்கும். ரிக்பிக்காரர்கள் விற்றது அந்தப் பொருத்தத்தைத்தான். வாங்குபவரின் கைநீளம், கழுத்து, தோள் இவற்றுக்கு ஏற்பக் கட்டையைச் செதுக்கினார்கள். தோளில் வைத்தவுடன் கண்ணும் குறியும் தாமே ஒரு கோட்டில் வந்து நிற்க வேண்டும், தேடிக்கொண்டிருக்க நேரமிராது.

அடுத்தது அந்த மௌசர் தாழ்ப்பாள். அதில் நீண்ட கொக்கி ஒன்று உண்டு. தோட்டா அறையைவிட்டு எழும்பும்போதே கொக்கி அதன் அடிவிளிம்பைக் கவ்விக்கொள்ளும். குழலுக்குள் தள்ளி, சுட்டபின் வெற்றுக்கூட்டை இழுத்து வெளியே எறியும்வரை பிடியை விடாது. துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தாலும், பதற்றத்தில் கை தடுமாறினாலும் தோட்டா நடுவழியில் சிக்கிக்கொள்ளாது. புலி பத்தடி தூரத்தில் நிற்கும்போது தோட்டா சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, எடை குறைவு. இந்த .275 ஏறத்தாழ மூன்றரைக் கிலோதான். யானைக்கும் காட்டெருமைக்கும் என்று செய்த இரட்டைக்குழல் ரைபிள்களோ நாலரைக் கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். ஒரு கிலோ வித்தியாசம் என்ன பெரிது என்று தோன்றலாம். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சௌகட் என்ற இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றைத் தேடி ஓடை வழியே இறங்கிய கார்பெட், வழியில் ஒரு பறவையின் அபூர்வமான இரண்டு முட்டைகளைக் கண்டார். முட்டை சேகரிப்பதில் அவருக்குப் பிள்ளைப்பிராய ஆசை. அவற்றை இடக்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் ரைபிளுடன் ஒரு பெரிய பாறையைச் சுற்றி வந்தார். திரும்பிப் பார்த்தால் எட்டடி தூரத்தில் புலி அவர் முகத்தையே பார்த்தபடி படுத்திருக்கிறது. துப்பாக்கியின் வாயோ வேறு திசையில் இருக்கிறது. சட்டென அசைந்தால் பாய்ந்துவிடும். ஒற்றைக் கையாலேயே ரைபிளை மெல்ல மெல்ல, ஏறக்குறைய முக்கால் வட்டம் திருப்பி, புலிக்கு நேராக வந்ததும் விசையை இழுத்தார். ஒரே குண்டு. பிறகு முட்டைகளைக் கொண்டுபோய்க் கூட்டிலேயே வைத்துவிட்டார். ஐந்து கிலோ எடையுள்ள இரட்டைக்குழலை ஒரு கையால் அப்படி நிதானமாகத் திருப்பியிருக்க முடியுமா? முடியாது. எடைக்குறைவு உயிர் காத்தது என்றால் அது மிகையல்ல.

பின் உதை மென்மையாக இருப்பதும் ஒரு நிறை. பெரிய ரைபிள்கள் தோளை இடித்துத் தள்ளும். அந்த இடிக்குப் பயந்து, சுடும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் வேட்டைக்காரர்கள் பலர். .275இல் அந்தப் பயமில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் இதே நிறைகளின் மறுபக்கத்தில்தான் குறைகளும் இருக்கின்றன.

குண்டின் எடை வெறும் ஒன்பது கிராம். மான், சிறுத்தை, அமைதியாக நிற்கும் புலி இவற்றுக்குப் போதும். காயம்பட்டுச் சீறிவரும் காட்டெருமையைத் தடுத்து நிறுத்தப் போதாது. கார்பெட்டே இதை உணர்ந்துதான் கனமான இரட்டைக்குழல் ரைபிள் ஒன்றையும் வைத்திருந்தார். ரிக்பி கம்பெனியும் 1911இல் .416 என்ற பெரிய அளவைக் கொண்டுவந்தது. அதன் குண்டு 26 கிராமுக்கும் மேல். ஆப்பிரிக்காவில் வால்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார், அவற்றில் பெரும்பாலானவற்றை இந்தச் சிறிய அளவுக் குண்டால்தான் சுட்டார் என்று விற்பனைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் இறந்த யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் என்பதை அதே மூச்சில் சொல்வதில்லை. ஆயிரம் யானைகள் என்பது பெருமைக்குரிய கணக்குதானா என்பது வேறு விஷயம்.

அடுத்த குறை, தாழ்ப்பாள் ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் கை விசையைவிட்டு எழுந்து தாழைத் திறந்து மூட வேண்டும். இரட்டைக்குழலில் இரண்டாவது குண்டு உடனே தயார். அந்த ஒரு விநாடியில் புலி இரண்டு பாய்ச்சல் பாய்ந்துவிடும்.

வெப்பமும் ஈரமும் மூன்றாவது எதிரி. வால்நட் மரத்துக் கட்டை, மழைக்காலத்தில் லயத்துக் கதவு இறுகிக்கொள்வதைப் போல ஊதிக் குழலை நெருக்கும்; நேற்று சரியாகப் போன குண்டு இன்று விரற்கடை தள்ளிப் போகும். அந்தக் காலத்துத் தோட்டா வெடித்தபின் குழலில் உப்புப் போல ஒரு படிவம் தங்கும். கொதிநீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசாவிட்டால் விரைவில் துருவேறிவிடும். இன்றைய தோட்டாக்களில் அந்தத் தொல்லை இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் துரு மட்டும் மாறவில்லை.

விலையைச் சொல்லாமல் விட முடியுமா? புதிய ரிக்பி ரைபிள் ஒன்றின் விலைக்கு நம் நாட்டில் புதிய சிறிய கார் ஒன்றை வாங்கிவிடலாம். இதில் பெயருக்குக் கொடுப்பது எவ்வளவு, வேலைக்குக் கொடுப்பது எவ்வளவு என்பது சிந்திக்க வேண்டியது. ஏனெனில் 1997இல் ரிக்பி என்ற பெயரே விற்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டது. 2013இல் வேறு கைக்கு மாறி மீண்டும் இலண்டனுக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் அதே பெயர்தான் குழலின் மேல் பொறிக்கப்பட்டது. செய்த கைகள் வேறு. பழைய கைவேலையின் புகழைப் புதிய கை விற்கிறபோது வாங்குகிறவர்தான் விழித்திருக்க வேண்டும். அரிசிக்கும் அப்படித்தான், ரைபிளுக்கும் அப்படித்தான்.

விலை குறைந்த துப்பாக்கியால் வேட்டையாட முடியாதா என்றால், அதற்கு விடை நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்த சேலம் ஜில்லாவிலேயே இருக்கிறது. இன்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தவர் கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 1974இல் மறைந்தவர். அவர் தோளில் இருந்தது ஆள் அளவெடுத்துச் செய்த இலண்டன் துப்பாக்கியல்ல. அமெரிக்கத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து விற்கப்பட்ட வின்செஸ்டர் 1895,.405 அளவு. விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். குண்டு பத்தொன்பது கிராமுக்கு மேல். கிட்டத்தில் பலமான அடி. தோளுக்குத்தான் துன்பம், அதன் உதையைப் பற்றிப் புகார் சொல்லாதவர் இல்லை. தூரம் போகப் போகக் குண்டின் வேகமும் சீக்கிரம் குறையும். ஆனால் புதர்க்காட்டில் யார் தூரத்தில் சுடப்போகிறார்கள்?

ஆண்டர்சனுக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவன் பைரா என்ற பூசாரி இனத்து மனிதன். சின்னாற்றங்கரையில் வளை தோண்டி அதில் குடும்பத்தோடு வாழ்ந்தவன். காலடித் தடத்தைப் பார்த்து ஆணா பெண்ணா, எப்போது போனது, வயிறு நிறைந்து போனதா என்று சொல்வான். ரிக்பியோ வின்செஸ்டரோ அந்த அறிவைத் தோட்டாவில் அடைத்துத் தரவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. 1902இல் சிங்கப்பூரில் காட்சிக் கொட்டகையிலிருந்து தப்பிய புலி ஒன்று ராபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்டு அறைக்கு அடியில் போய்ப் பதுங்கியது. அதைச் சுடக் கூப்பிட்டு அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? ராபிள்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர் பிலிப்ஸ். சில குண்டுகள் தவறிய பிறகே புலி விழுந்தது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு இப்படியும் ஒரு வேலை இருந்திருக்கிறது!

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். தொடக்கத்தில் விளையாட்டல்ல என்றோமே, அது இங்கேதான்.

ரிக்பியின் மிகப் பெரிய நிறை, குண்டு நேராக நெடுந்தூரம் போவது. நம் நிலத்தில் அதுவே மிகப் பெரிய குறை. .275 குண்டு குழலைவிட்டு விநாடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர்தான். ஆகவே வெடிச்சத்தம் காதில் விழுமுன்பே குண்டு வந்துவிடும், குனிந்துகொள்ள நேரமில்லை. மேல்நோக்கிச் சுட்டுத் தவறினால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடும். நியாலாஸ் பக்கத்தில் எந்த இடத்தில் நின்று மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டாலும் அதற்குள் ஒரு லயமோ, கம்பமோ, சாலையோ, பள்ளிக்கூடமோ இருக்கும். சரளைக்கல் பாதையிலோ தண்ணீரிலோ பட்டுத் தெறித்தால் எந்தத் திசையில் போகும் என்று சுட்டவருக்கே தெரியாது. சிறு ரவைகளோ இருநூறு முந்நூறு மீட்டருக்குள் வலுவிழந்து விழுந்துவிடும். பெரிய ரவை சற்றுக் கூடப் போகும். கன்றுச் செம்பனையைத் தோண்டிப்போடும் பன்றிக்கு ரவைத் துப்பாக்கியே வழக்கமாக இருப்பதற்கு விலை மட்டும் காரணமல்ல.

இமயமலையில் கார்பெட் சுட்டபோது குண்டுக்குப் பின்னால் பெரும்பாலும் மலைச்சரிவு இருந்தது. நமக்குப் பின்னால் இருப்பது நிரையில் மங்கு துடைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு குடும்பம்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் அனுமதி இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது. இரும்புக் குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கிக்கும் அதே சட்டம்தான். வேட்டையாட வனவிலங்கு இலாகாவின் அனுமதி வேறு வேண்டும். புலியைச் சுட யாருக்கும் அனுமதி கிடையாது. தீபகற்பக் காடுகளில் 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கில் எஞ்சியிருந்த புலிகள் 150க்கும் குறைவு. கார்பெட்டே பிற்காலத்தில் ரைபிளை வைத்துவிட்டுப் படமெடுக்கும் கருவியைத் தூக்கியவர். 1936இல் அமைந்த தேசியப் பூங்காவுக்கு இன்று அவர் பெயர்தான்.

நிர்வாக அனுமதியோடு பன்றி சுட ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால், எந்தத் தீம்பாரில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கங்காணியிடமோ மண்டோரிடமோ பெரட்டிலேயே கேட்டுவிடுங்கள். தாய்மார்கள் கீரை பறிக்கவும் விறகு பொறுக்கவும் அந்தப் பக்கம் போக வேண்டாம். விடியுமுன் வெட்டுக்குப் போகிறவர்கள் தலைவிளக்கை அணைக்காதீர்கள். குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். இருட்டில் வேட்டைக்காரர் தேடுவது மின்னும் கண்களையும் அசையும் புதரையும்தான். வெளிர்நிறச் சட்டை நல்லது; கறுப்பும் பழுப்பும் கூடாது.

பிள்ளைகள் காட்டில் தோட்டா கண்டெடுத்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவதுண்டு. வெற்றுக்கூடா, வெடிக்காததா என்று அவர்களுக்குத் தெரியாது. அடியிலுள்ள சிறிய பொட்டில் ஆணியால் தட்டினால், அல்லது அடுப்பில் போட்டால், பித்தளைக் கூடு சிதறிக் கண்ணைக் கெடுத்துவிடும். அப்படி எதையாவது கண்டால் கையால் தொடாமல், அந்த இடத்தில் ஒரு மட்டையை நட்டு அடையாளம் வைத்துவிட்டு வந்து பெரியவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். பெரியவர்கள் தோட்ட ஆபீசுக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ தெரிவித்தால் அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.